எல்லோரையும் ஆசிரியராக்கினேன்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்திலேயே இறங்கியும் விடும். கோபத்தில் செய்த எதற்காகவும் நான் பெரிதாக வருந்தியதில்லை. கோபம் இறங்கியபின் "சரி, விடுவம்" என்று செய்துகொடுத்த காரியங்கள்தான் என் கழுத்தைப் பிடித்திருக்கின்றன. இதுவும் அப்படி ஒன்று.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது எங்கள் பயிற்சி நிலையம். பாடசாலை ஆசிரியர்களுக்கு இணையவழிப் பாடநெறிகளை அமைத்துக் கொடுப்பது என் வேலை. எல்லோரும் எல்.எம்.எஸ். என்று சொல்லும் தளத்தில் பாடங்களை ஏற்ற வேண்டும், ஒப்படைகளுக்கு நாள் குறிக்க வேண்டும், படிக்க வருகிறவர்களைப் பதிய வேண்டும், கடவுச்சொல்லை மறந்தவர்களுக்குப் புதிது கொடுக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதில்தான் என் அரைநாள் போய்விடும். வருகிற ஒப்படைகளை வாசித்துப் புள்ளி போடுவதும் நானே.

அந்த முறை ஆரம்பப்பிரிவு ஆசிரியர்களுக்கு மூன்று மாதப் பாடநெறி. வலிகாமத்திலிருந்தும் தென்மராட்சியிலிருந்தும் முப்பத்தொரு பேர். பாடநெறியைத் திறந்த முதல்நாளே தொலைபேசி அடித்தது. அழைத்தவர் அந்த முப்பத்தொரு பேரில் மூத்தவர், ஒரு சின்னப் பாடசாலையின் அதிபர். ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருடம்தான் இருந்தது.

"பிள்ளை, என்ரை பேருக்குப் பக்கத்திலை மாணவர் எண்டு கிடக்கு."

"ஓம் சேர். படிக்கிற ஆக்களுக்கு அப்பிடித்தான் வரும்."

"முப்பத்திரண்டு வருசம் படிப்பிச்சனான். என்னட்டை ஐஞ்சாம் வகுப்புப் படிச்சவன் எனக்குக் கீழை அதே பட்டியலிலை நிக்கிறான். ரெண்டு பேரையும் ஒரே வாங்கிலை இருத்தியிருக்கிறியள்."

"அது கணினி தானாப் போடுற பேர் சேர்."

"கணினிக்கு மரியாதை தெரியாது. உங்களுக்குத் தெரியுந்தானே?"

தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசினேன். படிக்க வந்தால் மாணவர்தானே, இதில் என்ன மானப்பிரச்சினை என்று சுவரிடம் கேட்டேன். அதற்குள் அவர் வாட்ஸ்அப் குழுவிலும் அதையே போட்டுவிட்டார். ஒவ்வொருவராகக் கட்டைவிரலை உயர்த்தத் தொடங்கினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னர் என் கோபம் இறங்கிவிட்டது.

அந்தத் தளத்தில் மாணவர் என்று பதிந்தவருக்குத் தான் எழுதியது மட்டும்தான் தெரியும். ஆசிரியர் என்றால் பாடத்தை மாற்றலாம், அழிக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று இருந்தது. திருத்தும் உரிமை இல்லாத ஆசிரியர். எதையும் கெடுக்க முடியாது, பெயருக்குப் பக்கத்தில் ஆசிரியர் என்றும் வரும். இதைவிட என்ன வேண்டும்? முப்பத்தொரு பேரையும் ஒரே தடவையில் தெரிவுசெய்து மாற்றினேன். மாற்றியதும் அவர்களால் ஒப்படைகளை அனுப்ப முடியாமல் போனது. அதற்கான அனுமதி எங்கே இருக்கிறது என்று ஒரு மணித்தியாலம் தேடிக் கண்டுபிடித்து அதையும் கொடுத்தேன். அன்றைக்கு என் கெட்டித்தனத்தில் எனக்கே ஒரு பெருமை.

இரண்டாவது ஒப்படையின் தலைப்பை நான்தான் வைத்தேன். வகுப்பறையில் நீங்கள் செய்த, இன்னும் உங்களை உறுத்துகிற ஒரு தவறு. "இதை நான் மட்டுமே வாசிப்பேன்" என்று அடியில் எழுதினேன்.

அதை அனுப்ப வேண்டிய நாளன்று சாவகச்சேரிப் பக்கத்து ரீச்சர் ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான்காம் வகுப்பு எடுப்பவர், முப்பது வயது இருக்கும், மெல்லிய குரல்.

"மிஸ், இதை வேறை ஆரும் பாப்பினமோ?"

"இல்லை ரீச்சர். நான் மட்டும்தான்."

"வடிவாத் தெரியுமோ மிஸ்?"

"நான்தானே செய்து வைச்சிருக்கிறன். பயப்பிடாமல் எழுதுங்கோ."

அடுத்த நாள் அவருடைய ஒப்படை வந்தது. அவருடைய வகுப்பில் ஒரு சிறுமிக்கு வாசிக்க வராது. எழுத்துகள் தெரியும், கூட்டிச் சொல்லத் தெரியாது. மேலதிகாரிகள் வகுப்புப் பார்க்க வரும்போது எந்தப் பிள்ளையையும் எழுப்பி வாசிக்கச் சொல்வார்கள். அவர்கள் வருவதற்கு முதல்நாள் இவர் அந்தச் சிறுமியைத் தனியே கூப்பிட்டு, "நாளைக்கு வயித்துக்குத்து எண்டு அம்மாட்டைச் சொல்லிப்போட்டு வீட்டிலை நில்" என்றிருக்கிறார். பிள்ளை தலையாட்டியது. மறுநாள் வகுப்பு நன்றாக வாசித்தது, இவருக்குப் பாராட்டும் கிடைத்தது. கடைசிப் பந்தி இப்படி இருந்தது: "அதற்குப் பிறகு யாராவது பார்க்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டாலே நான் சொல்லாமலே அவள் வருவதில்லை. நான் அதைத் திருத்தவுமில்லை."

வெளியில் தெரிந்தால் அந்த ரீச்சரின் பெயர் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். விசாரணை வரும், இடமாற்றம் வரும், ஊர் முழுக்கக் கதை வரும். என் வார்த்தையை நம்பித்தான் அவர் எழுதியிருந்தார். வாசித்தேன், புள்ளி போட்டேன், அடுத்தவருடையதைத் திறந்தேன்.

மூன்று கிழமை போனபின் மூத்த அதிபர் மறுபடியும் எடுத்தார். குரலில் நல்ல உற்சாகம்.

"பிள்ளை, உது நல்ல ஏற்பாடு. ஒவ்வொருத்தரும் என்னென்ன பிழை விட்டிருக்கினம் எண்டு இருந்து வாசிக்கிறன்."

"எதைச் சேர் வாசிக்கிறியள்?"

"எல்லாற்றை ஒப்படையும்தான். சாவகச்சேரிப் பக்கத்து ரீச்சர் ஒராள் பிள்ளையை வீட்டிலை நிப்பாட்டினதை எழுதியிருக்கிறா. துணிச்சல்காரிதான். ஆனால் எங்கடை ஆக்கள் வாயைச் சும்மா வைச்சிருக்கமாட்டினம், கவனம்."

அவர் பிறகு சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. கதிரையிலிருந்து எழும்பினேன், ஏன் எழும்பினேன் என்று தெரியாமல் திரும்ப இருந்தேன். மாற்ற முடியாது, அழிக்க முடியாது என்பதை மட்டும்தான் நான் யோசித்திருந்தேன். பார்க்க முடியுமா என்று யோசிக்கவே இல்லை. ஒருவரின் மரியாதையைக் காப்பாற்றப்போய் முப்பத்தொரு பேரின் அந்தரங்கத்தையும் எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தேன்.

ஐந்து நிமிடத்தில் எல்லோரையும் திரும்ப மாணவர் ஆக்கினேன். பெயரை மட்டும் மாற்றுவதற்கென்றே அமைப்புப் பக்கத்தின் அடியில் ஒரு பெட்டி இருந்ததை அப்போதுதான் கண்டேன். மாணவர் என்ற இடத்தில் "பங்குபற்றுநர்" என்று எழுதியிருந்தால் முதல்நாளே காரியம் முடிந்திருக்கும். என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

யார் எதை எப்போது திறந்தார் என்று அந்தத் தளம் ஒன்றுவிடாமல் குறித்துவைக்கும். அந்தக் குறிப்பைத் திறந்தேன். அந்த ரீச்சரின் ஒப்படையை நான்கு பேர் திறந்திருந்தார்கள். மூன்று பேர் ஒவ்வொரு தரம். நான்காவதாக ஓர் ஆசிரியை பதினொரு தரம். ஓர் ஒப்படையைப் பதினொரு தரம் யார் வாசிப்பார்? புள்ளி போட்ட நானே ஒரு தரம்தான் வாசித்தேன்.

உடனே அதை எழுதிய ரீச்சருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். தொலைபேசியை எடுத்தேன், வைத்தேன். கதவைப் பூட்டியாயிற்று, இனி யாருக்கும் தெரியாது, நாளைக்குச் சொல்லலாம் என்று என்னையே சமாதானப்படுத்தினேன். இப்படி இரண்டு நாளைக் கடத்தினேன். அதைக் கோழைத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் பாடசாலை விட்ட நேரம் ஒரு பெண் கையில் ஹெல்மெற்றோடு என் அறை வாசலில் நின்றார். பெயரைச் சொன்னார். பதினொரு தரம் திறந்தவர். முறைப்பாடு எழுதத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து மன்னிப்பை வாயில் தயாராக வைத்துக்கொண்டேன்.

"இருங்கோ ரீச்சர். அது என்ரை பிழை. நான்தான்..."

"மிஸ், அது என்ரை பிள்ளை."

முதலில் எனக்கு விளங்கவில்லை.

"அந்த வகுப்பிலை படிக்கிறது என்ரை மகள். ஒரு வருசமா வயித்துக்குத்து. சாவகச்சேரி ஆசுப்பத்திரிக்கு எத்தினை தரம் கொண்டுபோனன் தெரியுமோ? பூச்சி மருந்து குடுத்தன், ரத்தம் எடுத்துப் பாத்தவை, ஸ்கான் எடுத்தவை. ஒண்டும் இல்லை எண்டினம். ஆனால் பிள்ளை உண்மையாவே வேர்த்து விறுவிறுத்துக் கிடப்பாள். அவள் பொய் சொல்லேல்லை மிஸ். இப்ப அவளுக்கு உண்மையாவே குத்துது."

அந்தச் சிறுமிக்கு ஒரு வீடு இருக்கும், அவளைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓட ஒரு தாய் இருப்பார் என்பது அந்த நிமிடம்வரை என் புத்தியில் படவே இல்லை.

அவர் தன் கைத்தொலைபேசியை என் பக்கம் திருப்பினார். அந்த ஒப்படையைப் படமெடுத்து வைத்திருந்தார். அடியில் நான் எழுதிய குறிப்பும் இருந்தது. "மிக நேர்மையான தற்பரிசோதனை. எழுத்து நடையும் அருமை." பக்கத்தில் இருபதுக்குப் பத்தொன்பது.

"நீங்கள் எனக்கு முதல் வாசிச்சிருக்கிறியள்."

"ஓம்."

"மூண்டு கிழமை."

"ஓம் ரீச்சர்."

"அந்த ஒரு புள்ளியை ஏன் குறைச்சனீங்கள்?"

ஒரு நாள் பிந்தி அனுப்பியதற்கு. அதுதான் உண்மை. அந்த உண்மையை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் அவர் விடவில்லை, பதில் வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னேன். அவர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். இரண்டு நாளாக நான் அதிர்ந்துபோயிருந்ததெல்லாம் உரிமை மாறிப்போனதற்காக. ஒரு பிள்ளை பாடசாலைக்குப் போகப் பயந்து வீட்டிலேயே நின்றுவிடுவதை வாசித்தும் எழுத்து நடையைப் பாராட்டிவிட்டு அடுத்ததைத் திறந்திருக்கிறேன். அதைத் தளம் செய்யவில்லை. நான் செய்தேன்.

"மேலிடத்துக்கு எழுதப்போறியளோ?" என்று கேட்டேன்.

"எழுதினால் அவவுக்கு மாற்றம் வரும். தன்னாலைதான் ரீச்சர் போனவ எண்டு என்ரை பிள்ளை நினைப்பாள். அதுக்கும் சேர்த்து ஒரு வயித்துக்குத்து வேணுமோ அவளுக்கு? நான் நேரை அவவிட்டைப் போறன்."

அவர் போனதும் சாவகச்சேரிப் பக்கத்து ரீச்சருக்கு எடுத்து நடந்ததெல்லாவற்றையும் சொன்னேன்.

"அவவும் இந்தக் கோர்ஸிலை இருக்கிறா எண்டு தெரிஞ்சுதான் மிஸ் உங்களைக் கேட்டனான்" என்றார். "நீங்கள் மட்டும்தான் எண்டு சொன்னனீங்கள்." இணைப்பு அறுந்தது.

வாட்ஸ்அப் குழுவில் எல்லோரிடமும் என் பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மூத்த அதிபர் கும்பிடும் கைகள் இரண்டைப் போட்டார். தாயும் அந்த ரீச்சரும் சந்தித்தார்கள் என்பது தெரியும். என்ன கதைத்தார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, கேட்கிற தகுதியும் எனக்கில்லை. அடுத்த முறை மேலதிகாரிகள் வந்த அன்று தாயிடமிருந்து ஒரு செய்தி மட்டும் வந்தது. "பிள்ளை போனவள். காலமை வயித்துக்குத்து இருந்தது. எண்டாலும் போனவள்." அந்த ரீச்சர் பாடநெறியை முடித்தார். அதற்குப்பின் அவர் அனுப்பிய ஒப்படைகளில் ஒரு வரிகூட அவருடையதாக இருக்கவில்லை. எல்லாம் ஆசிரியர் கைந்நூலிலிருந்து எடுத்தவை, எல்லாம் நேரத்துக்கு வந்தவை.

கடைசி ஒப்படை, உங்கள் வகுப்பில் நீங்கள் கவலைப்படும் ஒரு பிள்ளையைப் பற்றி எழுதுவது. அந்தத் தாயின் ஒப்படை இரண்டே வரி. "என் வகுப்பிலும் ஒரு பிள்ளை உண்டு. வாசித்தபின் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று முதலில் சொல்லுங்கள், பிறகு எழுதுகிறேன்."

புள்ளி போடும் பெட்டி பக்கத்தில் வெறுமையாக இருந்தது. அதைத் தொடாமல் அவருக்கு எடுத்தேன். நான் உங்கள் பாடசாலைக்கு வருகிறேன், அந்தப் பிள்ளையோடு கொஞ்சம் இருக்கிறேன், எந்த நாள் வசதி என்று கேட்டேன்.

"நாள் சொல்லாமல் வாங்கோ மிஸ்."

"ஏன் ரீச்சர்?"

"ஆக்கள் வருகினம் எண்டால் அந்தப் பிள்ளை அண்டைக்கு வராது. நானும் அதை ரெண்டு தரம் வீட்டிலை நிக்கச் சொன்னனான்."