குணசேகரன் வளர்த்த ராஸ் மீன்

மீனவக் கிராமமான பட்டினச்சேரியில் பிறந்த குணசேகரன், அரசு வேலை கிடைத்ததும் கோவில்பத்துக்குக் குடிவந்தான். 2006இல் அவன் வீட்டுக் கூடத்தில் கடல்மீன் தொட்டி வைத்தபோது பட்டினச்சேரியே சிரித்தது. அதில் ஒரே ஒரு மீன்; விற்ற சென்னைக் கடைக்காரர் அதை ‘ராஸ்’ என்றார். விரல் நீளம், பச்சை உடம்பு, ஆரஞ்சுக் கோடுகள். ஆபீசில் அவனுக்கு வேறு பேச்சே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலதிகாரி கைலாசநாதன் மீனைப் பார்க்க வந்தார். அவர் உட்காருவதற்குள், தலத்தெருவில் மீன் விற்றுவிட்டு, கூடையோடு அக்கா அமுதமும் வந்துவிட்டாள்.

“உப்பு வாங்கிக் கரைச்சு ஊத்துறியாமே, கடலு என்ன வத்திப்போச்சா?” என்றபடி தொட்டியருகே தரையில் உட்கார்ந்தாள்.

கைலாசநாதனுக்குச் சிரிப்பு வந்தது. “யாருப்பா, வாடிக்கையா மீன் கொண்டாறவங்களா?”

“ஆமா சார்.”

அமுதம் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

குணசேகரன் காப்பி எடுத்துவர உள்ளே போனான். திரும்பி வந்தால் தொட்டியில் மீன் இல்லை. கைலாசநாதன் செய்தித்தாள் புரட்டிக்கொண்டிருந்தார். அமுதம் கூடையோடு வாசலுக்குப் போய்விட்டாள்.

“அந்தம்மாதான் பக்கத்துல இருந்தாங்க,” என்றார் அவர், விளையாட்டாக.

குணசேகரன் வாசலுக்கு ஓடினான். “கூடையைக் கொஞ்சம் காட்டுங்க.”

அமுதம் கூடையை அப்படியே கவிழ்த்தாள். செதில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள், வெற்றிலைப் பை, அவன் மகள் பாரதிப்ரியாவுக்கென்று வாங்கிய கிரீம் பிஸ்கட் விழுந்தன. பிஸ்கட்டை மட்டும் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை தொட்டி விளக்கைப் போட்டதும் அடிமணல் அசைந்தது. ராஸ் தலையை நீட்டி, மணலை உதறிக்கொண்டு வெளியே வந்தது. குணசேகரன் பைக்கை எடுத்துக்கொண்டு பட்டினச்சேரிக் கரைக்குப் போனான்.

“அக்கா, மீனு மணலுக்குள்ளதான் இருந்துச்சு.”

“தெரியும். உங்க சாரு சாவியால கண்ணாடியத் தட்டுனாரு. பயந்து பூந்துகிச்சு. பாத்துக்கிட்டுதானே இருந்தேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“நீ ‘காட்டுங்க’ன்னு நின்னப்ப எனக்கு வாய் வரலடா.” அவள் மீனைத் தரம் பிரிப்பதை நிறுத்தவில்லை. “மீனு கெடச்சத என்கிட்ட வந்து ஏன் சொல்ற? நான் யாருன்னு அவர்கிட்டப் போயி சொல்லு.”

ஆபீசில் குணசேகரன், கைலாசநாதனின் மேசைமுன் போய் நின்றான்.

“சார், நேத்து வந்தவங்க என் கூடப்பொறந்த அக்கா.”

“அப்படியா? சொல்லவே இல்லையே. மீனு கெடச்சுதா?” என்றவர், கோப்பில் கையெழுத்துப் போடத் தொடங்கினார்.

இவ்வளவுதானா? இதற்காகவா அக்காளை வாசலில் கூடையைக் கவிழ்க்க வைத்தோம்? குணசேகரனால் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை.