முன் இடது சக்கரம்: ஈப்போவிலிருந்து ஆயர் தாவாருக்கு

காலை ஆறரை மணிக்கு, ஈப்போவை ஒட்டிய மெங்லெம்புவிலுள்ள எங்கள் பட்டறையிலிருந்து லாரி வெளியே வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட லாரி அது. போர் முடிந்ததும் ஆயர் தாவாருக்கு அப்பாலிருந்த ஒரு ரப்பர் தோட்டம் அதை வாங்கி ரப்பர் பால் ஏற்றியது. தோட்டம் ரப்பரை விட்டு, எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறியபின், பால் கொட்டகைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயில்காரர்கள்தான் அதை இழுத்துவந்து எங்களிடம் ஒப்படைத்தவர்கள். இன்று மதியம் திருவிழா. அம்மன் இந்த லாரியில் ஏறி, கோயில் மேட்டிலிருந்து கீழே தொழிலாளர் குடியிருந்த பழைய லயம் இருந்த இடத்துக்கு ஊர்வலம் வரவேண்டும்.

தூரம் எழுபது கிலோமீட்டர் சொச்சம். லாரியின் வேகம் மணிக்கு நாற்பது.

எஞ்சினைச் சீர்செய்தவர் பட்டறை முதலாளி சேகர் அண்ணன். பிரேக் முழுவதும் என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் வாகனப் பொறியியல் படித்தேன். வழியனுப்ப வந்த அம்மா, “இதுல எது நீ செஞ்சது?” என்று கேட்டபோது, முதலில் வேலை முடிந்த முன் இடது சக்கரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுக் கருவிப் பெட்டியை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது லாரிக்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு புறப்பட்டோம்.

பூசிங் வரை எந்தத் தொல்லையும் இல்லை. கதவுகளுக்குக் கண்ணாடி கிடையாது. வெளிக்காற்று முகத்தில் அறைந்தது. கார்களில் போனவர்கள் கைபேசியை நீட்டிப் படம் எடுத்தார்கள். செரி இஸ்கந்தர் சிவப்பு விளக்கில்தான் முதல் முறை அது நடந்தது. சேகர் அண்ணன் பிரேக்கை மிதித்ததும் லாரி நேராக நிற்காமல் வலப்பக்கம் ஓர் அடி நகர்ந்து நின்றது.

“ரோட்டுல சரிவு இருக்குலா,” என்றார் அவர்.

அடுத்த விளக்கில் இரண்டடி.

“இங்கயும் சரிவா, அண்ணே?”

“டயரா இருக்கும். நீ ஏன் முழிக்கற? பிரேக்கு ஒன்னோடதுங்கறதாலயா?”

நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகின்றன. வலப்பக்கம் இழுக்கும் லாரி எதிரே வருபவன் மேல்தான் போய் விழும். மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, அடுத்து எங்கே நிற்கவேண்டியிருக்கும் என்று சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

போத்தாவில் பேராக் ஆற்றுப் பாலத்தின் மேல் முன்னால் போன கார் திடீரென்று வேகம் குறைத்தது. சேகர் அண்ணன் அழுத்தி மிதித்தார். லாரியின் மூக்கு எதிர்த்தடத்துக்குள் புகுந்தது. எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரி. அதன் ஹாரன் சத்தம் என் பற்களுக்குள் கேட்டது. சேகர் அண்ணன் காலை எடுத்துவிட்டு ஸ்டீரிங்கை இரு கைகளாலும் இழுத்தார். அந்த லாரி எங்கள் பின்பார்வைக் கண்ணாடியை உரசுவதுபோலக் கடந்து போனது. ஆறு எந்த நிறத்தில் ஓடியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பாலம் முடிந்ததும் ஒரு கோப்பிக் கடை ஓரமாக நிறுத்தினோம். கோப்பி இரண்டு ரிங்கிட். சேகர் அண்ணன் வாங்கியதைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஜாக்கி வைத்து முன் இடது சக்கரத்தைக் கழற்றினேன்.

பிரேக் டிரம்மின் முகத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. பிரேக் கட்டையைச் சரிசெய்ய வைத்தது. அதற்குரிய ரப்பர் மூடி இந்தக் காலத்தில் எங்கும் கிடைக்காததால் திறந்தே விட்டிருந்தேன். டிரம்மை உருவியபோது உள்ளே பிரேக் கட்டை பளபளவென்று நனைந்திருந்தது. பிரேக் திரவம் கசிந்திருக்கிறது, என் வேலை தோற்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். தொட்டு முகர்ந்தேன். நல்லெண்ணெய்.

அம்மாவை அழைத்தேன்.

“எதுவரைக்கும் போய்ட்டீங்க? சாப்டியா?”

“அம்மா, சக்கரத்துல எண்ணெய் ஊத்துனியா?”

“ஆமா. எண்ணெய்க் காப்பு போடாம அம்மனைத் தூக்கப் போலாமா? ஒஞ் சக்கரத்துக்கு மட்டும் ஒரு சொம்பு முழுசா ஊத்துனேன். நல்லா ஓடுதா?”

“ஓடுது. நிக்கறதுதான் இல்ல. வந்து சொல்றேன்.”

பெட்ரோல் ஊற்றிக் கழுவினேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க எண்ணெய் உள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. பிரேக் கட்டையை மாற்றாமல் அந்தச் சக்கரம் பிடிக்காது. மாற்றுவதற்குக் கட்டை ஈப்போவில்கூட இல்லை. ஒரே வழிதான் இருந்தது. முன் சக்கரங்கள் இரண்டுக்கும் போகும் பிரேக் குழாயை அடைத்துவிட்டு, பின் பிரேக்கை மட்டும் நம்பி மெதுவாகப் போவது.

“நல்லா இருக்கற வலது பக்கத்தையும் ஏன் அடைக்கற?” என்றார் சேகர் அண்ணன்.

“அது நல்லா இருக்கறதாலதாண்ணே இழுக்குது.”

மாதக்கணக்கில் இழைத்த வேலையில் பாதியை அந்தக் கோப்பிக் கடை வாசலில் நானே அடைத்தேன். காலியான சாலையில் மிதித்துப் பார்த்தோம். லாரி தாமதமாக நின்றது. ஆனால் நேராக நின்றது.

பதினொன்றரைக்குத் தோட்டத்துக்குள் நுழைந்தோம். இருபுறமும் செம்பனை, பழைய ரப்பர் பால்மரம் ஒன்றுகூட இல்லை. ஈப்போ, தைப்பிங், பாகான் செராய் என்று சிதறிப்போன பழைய குடும்பங்கள் கார்களை மண்பாதையில் நிறுத்திவிட்டு மேட்டில் கூடியிருந்தன. உறுமி மேளம் முழங்கியது. கோயில் தலைவர் மாணிக்கம் லாரியின் மூக்கைத் தடவிவிட்டு, “பிள்ளைங்க ஏறுங்க, அம்மன் பக்கத்துல ஒக்காருங்க,” என்றார்.

நான் சரிவைப் பார்த்தேன். முந்நூறு மீட்டர் இருக்கும். வலப்பக்கம் ஆள் உயர வடிகால் பள்ளம்.

“யாரும் ஏறக்கூடாதுங்க. முன் பிரேக் இல்ல.”

அவர் சேகர் அண்ணனைப் பார்த்தார். “என்னாலா சேகர், இந்தத் தங்கச்சி என்னா சொல்லுது?”

“பிரேக்கு அது பொறுப்பு,” என்றார் சேகர் அண்ணன். “அது சொன்னாதான் நான் சாவி போடுவேன்.”

“நல்ல நேரம் முடியப்போவுது. அம்மன் கீழ எறங்கலன்னா இந்தச் சனத்துக்கு யாரு பதில் சொல்றது? நீயா?”

கோயில் பின்சுவரோரம் சாய்ந்து கிடந்த பழைய மர ரதத்தின் சக்கரங்கள் அப்போதுதான் கண்ணில் பட்டன.

“ரதத்தை இதே சரிவுலதானே எறக்குனீங்க? எப்படி நிறுத்துனீங்க?”

“முட்டுக்கட்டை போட்டுத்தான்.”

“போட்ட ஆளுங்க வந்திருக்காங்களா?”

கூட்டத்திலிருந்து இருவர் வந்தார்கள். ஒருவர் ஈப்போவில் டாக்சி ஓட்டுகிறவர், மற்றவர் பாகான் செராய் அரிசி ஆலையில் வேலை. கோயில் அறையிலிருந்து கட்டைகளைத் தூக்கி வந்தார்கள். அம்மனும் பூசாரியும் மட்டும் ஏறினார்கள். சேகர் அண்ணன் மிகக் குறைந்த கியரைப் போட்டார். நான் முன்னால், லாரிக்கு முகம் காட்டிப் பின்வாங்கி நடந்தேன். அவர்கள் ஆளுக்கொரு கட்டையுடன் லாரியின் இருபக்கமும் வந்தார்கள்; நான் கையை இறக்கினால் கட்டை விழவேண்டும்.

பாதி வழி நன்றாகவே வந்தது. பாதை வளையும் இடத்தில் மண் ஈரம். கையை இறக்கினேன். வலது கட்டை விழுந்தது, பிளந்தது. லாரி அதன்மேல் ஏறிப் பள்ளத்தின் பக்கம் நழுவியது. உறுமி நின்றுவிட்டது. பூசாரி அம்மனை இரு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். டாக்சிக்காரர் தன் கட்டையுடன் இடப்பக்கத்திலிருந்து லாரியின் முன்னால் குறுக்கே ஓடி, வலது சக்கரத்துக்கு முன் அதைத் தள்ளிவிட்டு விலகினார். லாரி முனகிக்கொண்டு நின்றது. பள்ளத்தின் விளிம்புக்கும் சக்கரத்துக்கும் இடையில் என் செருப்பு ஒன்று கிடந்தது. அது எப்போது கழன்றது என்று தெரியவில்லை.

“கையைத் தூக்கு, தங்கச்சி,” என்றார் டாக்சிக்காரர் மூச்சிரைக்க. “நீ தூக்குனாதான் போலாம்.”

தூக்கினேன். அம்மன் கீழே வந்து சேர்ந்தாள். ஆரத்தி முடிந்ததும் மாணிக்கம் திருநீற்றுத் தட்டைச் சேகர் அண்ணனுக்குக் கொடுப்பதற்கு முன்பே என்னிடம் நீட்டினார்.

லாரியை அங்கேயே விட்டுவிட்டோம். புதிய பிரேக் கட்டை வரும்வரை அது சாலையில் ஏறக்கூடாது என்று சொன்னேன், யாரும் மறுக்கவில்லை. சேகர் அண்ணன் உறவினர் வீட்டில் தங்கினார். நான் மாலைப் பேருந்தில் ஈப்போ திரும்பினேன். காலையில் உயிரைப் பிடித்துக்கொண்டு கடந்த பாலத்தைப் பேருந்து சில நொடிகளில் தாண்டியது. ஆறு பழுப்பு நிறம்.

ஈப்போவுக்குள் நுழையும்போது ஒரு மோட்டார்சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. ஓட்டுநர் அழுத்தி மிதித்தார். அவ்வளவு பெரிய பேருந்து கோடு போட்டதுபோல் நேராக நின்றது. பக்கத்து இருக்கை அக்கா கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வேறு யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.