லைட் ஸ்டாண்டில் ஒட்டியிருந்த அம்மா

குச்சி பேசக் கற்றுக்கொண்டதே அம்மாவின் முதுகைப் பார்த்துத்தான். வீட்டு அமைப்பு அப்படி. மூன்றாம் மாடியில் ஒரே அறை. ஜன்னலோரம் இஸ்திரி மேசை, அதற்கு எதிரே டிவி, பின்னால் கட்டில். அம்மா காலையிலிருந்து நின்றபடியே சலவைக் கடைத் துணிகளைத் தேய்ப்பாள். பாதிக் கண் துணியில், பாதிக் கண் டிவியில். கட்டிலில் உட்கார்ந்து மகள் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்வாள். "ம்" என்று பதில் வரும். அந்த "ம்" தனக்கா டிவிக்கா என்று கண்டுபிடிப்பது குச்சியின் சின்ன வயது விளையாட்டு. பெரும்பாலும் டிவிக்குத்தான்.

அம்மாவைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அப்பா லாரி ஓட்டுகிறவர். தூரதூரமாகப் போய்ப் போய், போன இடத்தில் இன்னொரு குடும்பத்தையும் ஓட்ட ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்குப் பேச்சுத்துணை அந்தப் பெட்டி. அதில் வருகிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் லாரி ஏறிப் போய்விட மாட்டார்கள். ஏழு மணி என்றால் ஏழு மணிக்கு வந்து நிற்பார்கள்.

சலவைக் கடையின் வாடிக்கையில் ஒரு சீரியல் கம்பெனியும் இருந்தது. தேய்த்த உடுப்புகளை ஹேங்கரோடு ஷூட்டிங் வீட்டுக்குத் தூக்கிப் போவது குச்சியின் வேலை. கையும் காலும் அப்போதே நீளம். குச்சி என்று பெயர் வைத்தது அங்கிருந்த உடைக்காரர்தான். ஒருநாள், நடிக்க வேண்டிய சிறுமிக்கு உடம்பெல்லாம் கொப்புளம், வரவில்லை. டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். உடைக்காரர் கவுனைப் பார்த்தார். அதைத் தூக்கி வந்தவளைப் பார்த்தார்.

"ஏ குச்சி, இதைப் போட்டுக்க."

"ஐயோ, இது என்னுது இல்லண்ணா. தேய்க்க வந்தது."

"தெரியும், போட்டுக்க. அளவு சரியா இருந்தா இன்னிக்கு நீதான் ஹீரோயினோட சின்ன வயசு."

அளவு சரியாக இருந்தது. திறமை இருக்கிறதா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பிற்காலத்தில் பேட்டி எடுக்க வந்தவர்களிடம் இதை அப்படியே சொன்னாள். அவர்கள் "சிறுவயதிலிருந்தே கலையார்வம்" என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அதற்கப்புறம் கூப்பிட்ட போதெல்லாம் போனாள். தொலைந்து போகிற குழந்தை, காய்ச்சலில் படுத்திருக்கிற குழந்தை, பக்கத்து வீட்டில் சும்மா நிற்கிற குழந்தை. பள்ளிக்கூடத்தில் தோழிகள் சேரவில்லை. நடிக்கப் போகிற நாளில் இவள் இல்லை. இவள் இருக்கிற நாளில் அவர்கள் ஏற்கெனவே ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். படிப்பு முடிந்த கையோடு பெரிய வாய்ப்பு வந்தது: ஏழு மணி சீரியலில் மகள் வேஷம். தாயும் மகளும்தான் கதையே. அம்மாவாக நடிப்பவர் ஊரறிந்த நடிகை. குச்சிக்கு முதல் நாள் காலில் செருப்பு நிற்கவில்லை.

செட்டுக்குப் போனால் அம்மாவைக் காணோம்.

அந்த அம்மாளுக்கு வேறு இரண்டு சீரியல்கள். மாதத்தில் சில நாள் வருவார். அவருடைய முகம் தெரிய வேண்டிய காட்சிகளையெல்லாம் அந்த நாட்களில் மொத்தமாக எடுத்துவிடுவார்கள். மகளின் முகம் தெரிய வேண்டியதை மற்ற நாட்களில் தனியாக எடுப்பார்கள். பார்வை சரியான திசையில் இருக்க வேண்டுமே? கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு லைட் ஸ்டாண்டை நிறுத்தி, அந்த அம்மாளின் கண் உயரத்துக்கு ஒரு துண்டு சிவப்பு டேப்பை ஒட்டிவிடுவார்கள். அதுதான் அம்மா.

அம்மாவின் வசனத்தை உதவி டைரக்டர் ஒருவர் ஓரமாக நின்று படிப்பார். சிகரெட் குடித்துக் குடித்துக் குரல் தேய்ந்து போனவர். செட்டில் அவர் பெயர் தொண்டை. குச்சிக்கான வசனத்தையும் அவரே எடுத்துக் கொடுப்பார். சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"எதுக்குடி அழறே என் தங்கமே," என்பார் தொண்டை, கரகரவென்று, கொட்டாவிக்கு நடுவில்.

குச்சி டேப்பைப் பார்த்துக் கண்ணில் நீர் கோத்துக்கொள்வாள். அடுத்த வரிக்காக இடது காதை லேசாகச் சாய்ப்பாள். "உன் மடியில படுத்துக்கணும் போல இருக்கும்மா," என்று லைட் ஸ்டாண்டிடம் சொல்வாள். எல்லாரும் ஒரே டேக்கில் ஓகே சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

முதல் வாரம் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது. அம்மாவைப் பார்க்காமல் அம்மாவிடம் பேசுவது அவளுக்கு என்ன புதுசா? டேப்பாவது இவள் பக்கம் திரும்பியிருந்தது. டிவி அம்மாளை நேரில் சந்தித்த சில நாட்களிலும் அவர், "கண்ணு, அந்த விசிறியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு," என்பார். பெயர் கேட்டதில்லை.

ஒருநாள் லைட்டின் தகடு கழன்று, சுடச்சுட நெற்றியில் பட்டது. இடது புருவத்துக்கு மேல் பொசுங்கிவிட்டது. மேக்கப்காரர் பசை போல எதையோ அப்பி மறைத்தார். மிச்சக் காட்சியும் எடுத்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். "ம்" என்று பதில் வந்தது.

சீரியல் ஓடியது, ஓடியது, வருஷக்கணக்காக ஓடியது. கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில் எல்லாரும் அவளை அடையாளம் கண்டார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு மணிக்கு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மகள் வேலை முடிந்து வந்து, தானே தட்டில் போட்டுக்கொண்டு, அடுப்படி மூலையில் நின்றபடி சாப்பிடுவாள். அறைக்குள் இரண்டு மகள்கள். ஒருத்தியை மட்டும்தான் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

சினிமா டைரக்டர் ஒருவர் ஒரு நாள் கூப்பிட்டனுப்பினார். சோடாபுட்டிக் கண்ணாடி, அழுக்குச் சட்டை, வளவள பேச்சே கிடையாது.

"உன் சீரியல்ல ஒரு குளோசப் பார்த்தேன். அம்மாவைப் பார்த்துக்கிட்டே நிக்கறே, ஒரு வார்த்தை பேசல. அப்படி ஒரு ஏக்கம். எதிர்ல யார் இருந்தாங்க?"

"லைட் ஸ்டாண்டு சார்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தமாஷ் என்று நினைத்துக்கொண்டார். வேஷத்தைக் கொடுத்துவிட்டார். சினிமாவுக்குப் போகிற பெண்ணைச் சீரியல்காரர்கள் வைத்துக்கொள்வார்களா? காரை மலையிலிருந்து உருட்டி அவள் கதையை முடித்துவிட்டார்கள். திரும்பிப் போக இடமில்லை. இந்தப் படம் கையை விட்டுப் போனால் மறுபடியும் ஹேங்கர் தூக்க வேண்டியதுதான்.

படத்தில் முக்கியமான காட்சி ஒன்று. வீட்டை விட்டுப் போகப்போகிறேன் என்று மகள் அப்பாவிடம் சொல்ல வேண்டும். அப்பா பதில் பேச மாட்டார். அவர் முகத்தைப் பார்த்தபடியே அவள் நிற்க வேண்டும். அப்பாவாக நடித்தவர் நாடகத்தில் ஊறிய மனிதர். நிஜமாகவே, முழுசாக, கைகால் மூக்கு முழியோடு எதிரே உட்கார்ந்திருந்தார்.

குச்சி பேசினாள். டைரக்டர் நிறுத்தினார்.

"யாரைப் பார்க்கறே?"

"அப்பாவைத்தான் சார்."

"அப்பாவோட காதுக்குப் பக்கத்துல என்ன இருக்கு?"

அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. கண் தானாகவே அவர் தோளுக்கு மேலே போய் நின்றிருந்தது. அங்கே டேப் ஒன்றும் இல்லை. வெறும் சுவர். மறுபடி எடுத்தார்கள். முகத்துக்கு வந்த கண் நழுவிப் போய்விட்டது. அடுத்த வரிக்காகக் காது வேறு இடது பக்கம் சாய்ந்தது. எடுத்துக் கொடுக்கத் தொண்டை அண்ணன் இல்லை. அந்த மனிதரின் கண்ணில் இமை அசைந்தது, ஈரம் தெரிந்தது. அவர் இவளைத் திருப்பிப் பார்த்தார். அதுதான் தாங்க முடியவில்லை. டேப் திருப்பிப் பார்த்ததே இல்லையே!

"என்னம்மா, மூஞ்சியில ஏதாவது ஒட்டியிருக்கா எனக்கு?" என்று அவர் கேட்டார்.

"இல்லைங்கய்யா. ஒட்டியிருந்தா சரியாப் பார்த்திருப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. பொழுது சாய்கிற வரை பார்த்துவிட்டு டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்குக் காலையில இன்னொரு தடவை. அப்பவும் சரியா வரலைன்னா வேற பொண்ணைப் பார்க்கணும். தப்பா எடுத்துக்காதே."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? நேராக வீட்டுக்கு வந்தாள். படியேறும்போதே அழுகைச் சத்தம். பதறிப்போய்க் கதவைத் தள்ளினால், அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள். திரையில், சுவரில் மாட்டிய குச்சியின் போட்டோ. அதைப் பார்த்து டிவி அம்மாள் தேம்பித் தேம்பி அழுகிறார். இப்போது அவருக்கும் எதிரே ஆள் இல்லை.

"அம்மா."

"சும்மா இருடி. பாவம், அந்தப் பொண்ணு போயிட்டா."

"எந்தப் பொண்ணு?"

"கண்ணு தெரியலையா உனக்கு? அவதான்."

"அம்மா, நான் இங்க நிக்கறேன்."

"நில்லு, யாரு வேண்டாம்னா? விளம்பரம் வரட்டும், சாப்பாடு போடறேன்."

குச்சிக்கு முகத்தில் ஈயாடவில்லை. பெற்ற தாய், உயிரோடு நிற்கிற மகளைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, செத்துப்போன மகளுக்காக அழுகிறாள். கோபப்படலாமா, சிரிக்கலாமா என்று தெரியவில்லை. இஸ்திரி மேசைக்கு அடியிலிருந்த ஸ்டூலை இழுத்தாள். டிவிக்கும் அம்மாவுக்கும் நடுவில் போட்டு, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தாள்.

"மறைக்குது, தள்ளு."

"மறைக்கத்தான் உட்கார்ந்திருக்கேன். என்னைப் பாரும்மா."

"தினமும்தான் பார்க்கறேனே."

"அது டிவியில. இப்ப பாரு. நான் உன்னைப் பார்க்கறேன், நீ என்னைப் பாரு. கண்ணை எடுக்கக்கூடாது."

"பைத்தியமா உனக்கு? வேலை போயிடுச்சா?"

"நாளைக்குப் போயிடும், நீ பார்க்கலைன்னா."

அம்மா வாயை மூடினாள். பார்த்தாள். உடனே வெட்கம் வந்து சிரித்துவிட்டாள். பெண் பார்க்க வந்த இடத்தில் உட்காருவது போல நெளிந்தாள். கண் குச்சியின் தோளுக்கு மேலே டிவியைத் தேடியது. குச்சியின் கண்ணும் அம்மாவின் காதோரம் ஓடியது. ஒரே கட்டையில் செதுக்கினவர்கள் இல்லையா! "ஓடாதே," என்றாள் குச்சி, அம்மாவுக்கும் தனக்கும் சேர்த்து. இரண்டு பேரும் மறுபடி ஆரம்பித்தார்கள்.

பின்னால் டிவி அம்மாள் அழுதுகொண்டே இருந்தார். அம்மாவின் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனை காலமானது என்று குச்சிக்கு ஞாபகமில்லை. ஒரு கண் மற்றதைவிடச் சிறியது. இஸ்திரி ஆவியில் கன்னம் தடித்துப் போயிருந்தது. பார்க்கப் பார்க்க அம்மாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"இது என்னடி, புருவத்துக்கு மேல?"

"தழும்பு."

"எப்ப வந்துது?"

"ரெண்டு வருஷமாச்சு. லைட்டு சுட்டுடுச்சு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னேம்மா. நீ 'ம்'னு சொன்னே."

அம்மா கண்ணை எடுக்கவில்லை. மகளும் எடுக்கவில்லை. விளம்பரம் வந்தது, போனது. சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலையில் செட்டில் எதிரே இருந்த முகத்தைக் குச்சி நேராகப் பார்த்தாள். சுவரைத் தேடிய கண்ணை ஒருதரம் இழுத்துப் பிடித்தாள். அதற்கப்புறம் அது போகவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நின்றாள். கடைசியில் அந்த நாடகக்காரர்தான் முதலில் பார்வையைத் தாழ்த்தினார். டைரக்டர் "ஓகே" என்றார். வேறு பாராட்டு எதுவும் கிடையாது; அடுத்த ஷாட்டுக்கு லைட்டைத் தள்ள ஆரம்பித்தார்கள்.

படம் வந்தபோது அம்மாவைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனாள். மேக்கப் அதிகம் போடாத படம் அது. அந்தக் காட்சியில் குச்சியின் முகம் சுவரளவுக்கு நின்றது. தழும்பு உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குச்சி மட்டும் வழக்கம் போல அம்மாவைப் பக்கவாட்டில் பார்த்தபடி இருந்தாள்.

அம்மா சட்டென்று திரும்பினாள். படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இருட்டில் கட்டைவிரலால் மகளின் நெற்றியைத் தடவித் தடவி, புருவத்துக்கு மேலே அந்த இடத்தைத் தேடினாள்.

"இங்கதானே?" என்றாள்.

"ம்," என்றாள் குச்சி.