மேஸ்திரியும் மேஷ்ட்ரும்

அன்று அந்தக் கம்ப்யூட்டர் லேபில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என்னோடு தச்சு வேலைக்கு வந்த என் மச்சான், காலேஜ் மேனேஜர், கம்ப்யூட்டர்களை வாடகைக்குக் கொண்டுவந்து இறக்கிய ஆள், மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி என் மகள். கடைசியாக, பல்கலைக்கழகத்திலிருந்து இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த பெரியவர் ஒருவர். வாத்தியார் என்று சொல்ல யாரும் இல்லை. அதனால்தான் அப்படி ஆகிப்போனது.

ஆனேக்கல் போகிற வழியில், ராகி வயலுக்கு நடுவே கட்டிய காலேஜ் அது. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்திலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இஞ்சினியரிங் காலேஜ் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன். கட்டடம் பெரிதாக இருந்தது, மகளைச் சேர்த்தேன். மூன்றாம் வருஷம் ஃபீஸ் கட்ட வழியில்லாமல் ஆபீஸ் வாசலில் நின்றபோது மேனேஜர் ஒரு வழி சொன்னார். லேபுக்கு மேஜை போட்டுக்கொடு, கூலியை ஃபீஸில் கழித்துக்கொள்கிறேன் என்றார். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

படிப்பு எப்படி என்பது எனக்கு மகள் வாயால்தான் தெரியும். "இன்னிக்கும் ரெண்டு பீரியட் சும்மாவே உக்காந்திருந்தோம்ப்பா" என்பாள். ஒரு பாடத்துக்கு ஆளே கிடையாது. இன்னொன்றுக்குப் போன வருஷம் பாஸான பையன் வந்து, கைடைப் பார்த்துச் சொல்லச் சொல்ல இவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் படிப்புத்தான், ஆனால் ஒரு கம்ப்யூட்டரை ஆறு பேர் சுற்றி நின்று பார்ப்பார்களாம். நான் கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைவேன். யாரிடம் போய்க் கேட்பது? கேட்டு, அந்தக் கோபத்தில் பிள்ளையை ஃபெயில் போட்டுவிட்டால்? இப்படியே நினைத்து நினைத்து வாயைத் திறக்காமல் இருந்தேன்.

இன்ஸ்பெக்ஷனில் லேபும் வாத்தியார்களும் சரியாக இல்லையென்றால் காலேஜுக்குப் பர்மிஷன் போய்விடும் என்று பேச்சு. போனால் பிள்ளைகளின் மூன்று வருஷமும் போச்சு.

அன்று காலையில் மேஜையை நகர்த்துவதற்காக மச்சான் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கினான்.

"மாமா, இத்தத் தூக்கிப் பாரேன். பூ மாதிரி இருக்குது."

தூக்கினேன். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் தகர டப்பா. வாடகை ஆள் சிரித்தான். "முன்னாடி வரிசை மட்டும்தான் ஓடும் அண்ணா. பின்னாடி எல்லாம் ஷோ."

"நம்ம மேஜையாச்சும் நிஜம்தானே மாமா?" என்றான் மச்சான்.

மேனேஜர் பிள்ளைகளை அழைத்துவந்து உட்கார வைத்தார். என் மகளுக்குப் பின்வரிசை. காலி டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து, கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்தபடி கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் ஆபீஸ் அறைக்குப் போயிருந்த நேரத்தில் பெரியவர் உள்ளே வந்துவிட்டார். மைசூர் பக்கத்துக் கன்னடம், வாய் நிறைய வெற்றிலை. மகளின் சிநேகிதிகள் பார்ப்பார்களே என்று அன்று நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போயிருந்தேன். காதில் செருகும் பென்சில்கூடச் சட்டைப் பையில்தான் இருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"நீவு இல்லி மேஷ்ட்ரா?"

காலையிலிருந்து எல்லோரும் என்னை மேஸ்திரி, மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். நீங்கள்தான் இங்கே மேஸ்திரியா என்றே என் காதில் விழுந்தது.

"ஹௌது சார்" என்றேன். ஆமாம் சார்.

"எஷ்டு வர்ஷ ஆய்த்து?"

எத்தனை வருஷம் ஆச்சு என்கிறார். "இப்பத்து வர்ஷ சார்" என்றேன். இருபது வருஷம்.

"ஒள்ளேது, ஒள்ளேது" என்று, நல்லது என்பதாகத் தலையாட்டி, கையிலிருந்த தாளில் எதையோ எழுதிக்கொண்டார். போகும்போது மேஜை விளிம்பை ஒருமுறை தடவினார். வேலை பிடித்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். பின்வரிசைப் பக்கம் அவர் போகவே இல்லை. மகள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில்தான் சொன்னாள். "ப்பா, அவரு உன்னை மேஸ்திரியான்னு கேக்கல. மேஷ்ட்ருன்னா வாத்தியாரு."

இந்த ஊரிலேயே பிறந்தவன் நான். அந்தக் கன்னட வார்த்தை எனக்குத் தெரியாதா? ஆனால் என்னைப் பார்த்து ஒருவர் அப்படிக் கேட்பார் என்று என் காது எப்படி எதிர்பார்க்கும்?

மச்சானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏழாவதுல ஓடிப்போன ஆளு, இப்ப இஞ்சினியரிங் காலேஜு லெக்சரரு! சம்பளம் கேட்டு வாங்கு மாமா."

ஆனால் அவர் தாளில் எழுதிக்கொண்டாரே. நாளைக்குப் போலீஸ் வந்தால்? "எறங்கித் திரும்பிப் போய்ச் சொல்லிடட்டுமா?" என்றேன்.

மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "சொல்லி? பர்மிஷன் போச்சுன்னா என் மூணு வருஷத்த யாரு குடுப்பா? வாத்தியார் இல்லாட்டிப் போவுது. டிகிரி வேணும்ப்பா. சும்மா உக்காரு."

உட்கார்ந்தேன். உண்மை தெரிந்திருந்தால் ஒரு நிஜ வாத்தியார் வந்திருக்கலாம். இல்லை, காலேஜையே மூடியிருக்கலாம். எது நடந்தாலும் அடி எங்களுக்குத்தான் என்று தோன்றியது.

பர்மிஷன் வந்தது. டப்பாக்கள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போயின. மேஜைகள் மட்டும் நின்றன.

மகள் நோட்டை மனப்பாடம் செய்தே ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கினாள். ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, ஒரு புரோகிராம் எழுதிக் காட்டச் சொன்னார்களாம். "எல்லாம் நோட்ல எழுதினதுதாம்ப்பா. அங்க கையே ஓடல" என்று வந்து படுத்துக்கொண்டாள். அப்புறம் கம்பெனிகளும் ஆள் எடுப்பதைக் குறைத்துக்கொண்டன.

ஃபீஸ் பாக்கி இருந்ததால் சர்டிபிகேட்டை ஆபீஸில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். போய்க் கேட்டதற்கு அதே மேனேஜர் இன்னொரு வழி சொன்னார். "பொண்ணு இங்கயே லெக்சரரா வரட்டும் மேஸ்திரி. பாதிச் சம்பளத்தைப் பாக்கியில கழிச்சிக்கலாம்."

இப்போது அவள்தான் அங்கே மேஷ்ட்ரு. சாப்பிட்டு முடித்ததும் மறுநாள் பாடத்தை விரித்து வைத்துக்கொள்கிறாள்.

"எனக்கே புரியலப்பா. பசங்களுக்கு எப்படிச் சொல்றது?"

"தெரியலன்னு சொல்லிடேன்."

"சொன்னா கடைசி பெஞ்சு சிரிக்கும். சொல்லாட்டி, அதுங்களும் என்ன மாதிரிதான் வெளிய வரும்."

சர்டிபிகேட் கைக்கு வந்தால் வேறு எங்காவது முதலிலிருந்து ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறேன் என்கிறாள். அதற்குள் அடுத்த இன்ஸ்பெக்ஷன் வந்துவிடுமோ, யாராவது பழைய தாளை எடுத்து அந்த இருபது வருஷ மேஷ்ட்ரு எங்கே என்று கேட்பார்களோ என்று எனக்கு ஒரே யோசனை. மேஜைக் கூலி போக, இதுவரை அவள் சம்பளத்தில் பிடித்தது போக, இன்னும் பாக்கி பதினோராயிரத்து நானூறு ரூபாய்.