முதுகைத் தரையில் வைக்காதவன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் அம்பத்தூர் எஸ்டேட்டில் சொந்த லேத் பட்டறை, மேனாம்பேட்டில் மாடி வீடு, எல்லாம் நானே உண்டாக்கியது. இளவயதில் கோதாவில் இறங்கிக் குஸ்தியும் போட்டிருக்கிறேன். ஆகையால் பைசலைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் இந்தப் பக்கம் கிடையாது.

பைசல் பூந்தமல்லியில் மெத்தை தைக்கிறவன். முப்பது வயதிருக்கும். அவன் அப்பா அமீர் பயில்வான், பையனை நடக்கத் தெரிந்த நாளிலிருந்து குஸ்தி மண்ணில் புரட்டி எடுத்தவர். இப்போது அவர் இல்லை, கோதாவும் இல்லை.

என் பட்டறை மாடியில் விக்ரம் என்கிற கோச் எம்.எம்.ஏ. சொல்லித் தருகிறான். குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த சண்டை. தரையில் விரித்த மேட் கிழிந்தபோது ரெக்சின் தைக்கப் பைசலைக் கூட்டி வந்தது நான்தான். அங்கே ஜெபா என்ற கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் மல்லாக்கப் படுத்து, இன்னொருத்தனைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். பைசலுக்குச் சிரிப்பு.

"இன்னாத்துக்கு நைனா இவன் மல்லாந்துகினு கீறான்? அப்பவே தோத்துட்டானே" என்று என்னிடம் கேட்டான்.

விக்ரம் பைசலையே மேட்டில் இறங்கச் சொன்னான். பைசல் ஒரே தூக்கில் ஜெபாவை மல்லாத்திவிட்டு, ஜெயித்த மாதிரி கையை உயர்த்தினான்.

கீழே கிடந்த ஜெபா, "இனிமேதாண்ணே ஆரம்பம்" என்றான்.

அப்புறம் கால்கள் இரண்டாலும் பைசலின் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்துப் பூட்டிவிட்டான். பைசல் மேட்டைத் தட்டினான். தட்டினால் தோல்வி.

இரண்டாம் நாளே நாற்காலியில் உட்கார்ந்தபடி எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் கதை முடிந்தது. ஜூடோவிலும் சுத்தமாக வீசிவிட்டால் அதோடு சரி. ஜெபா மாதிரி ஜூஜிட்சுக்காரனுக்கு முதுகுதான் உட்காரும் பலகை. அங்கிருந்தே கையை முறிப்பான், கழுத்தை நெரிப்பான். எம்.எம்.ஏ.வில் விழுந்த பிறகும் சண்டை ஓடுகிறது. குஸ்திக்காரன் மேலே இருக்கும்வரை ராஜா. கீழே போனால் முதுகைக் காப்பாற்றக் குப்புறத் திரும்புவான். கழுத்து எதிராளி கைக்குப் போய்விடும். விக்ரம் மூன்று நாள் பேசியதை நான் மூன்று வரியில் சொல்லிவிட்டேன்.

பைசல் தினமும் வர ஆரம்பித்தான். அவன் வாயிலிருந்து வேறு பேச்சு கிடையாது. காது வீங்கி வீட்டுக்குப் போனதைப் பார்த்து மனைவி மஹ்ஜபீன் கண்டிஷன் போட்டுவிட்டாள். ஆவடியில் நடக்கும் போட்டியில் ஜெயித்தால் தொடரலாம், தோற்றால் இனி மேட்டில் கால் வைக்கக் கூடாது. பைசல் ஒத்துக்கொண்டான். மல்லாக்கப் படுத்து எதிராளி இடுப்பைக் கால்களால் கட்டிக்கொள்ள விக்ரம் பல தடவை பழக்கினான். பழகும்போது சரியாகத்தான் செய்தான்.

ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. முதல் சுற்று முழுக்கப் பைசல் மேலேயே இருந்தான். இரண்டாவது சுற்றில் எதிராளி காலை வாரிவிட்டான். பைசல் விழுந்தான். படு, படு என்று விக்ரம் கத்தினான். ஒரு நொடி போதும், முதுகை வைத்துக் காலைக் கட்டியிருக்கலாம். பைசல் குப்புறத் திரும்பிவிட்டான். கழுத்தைச் சுற்றிக் கை வந்தது. அவன் தட்டவில்லை. கண் சொருகியதும் நடுவர் பிரித்துவிட்டார்.

எழுந்து உட்கார்ந்தவன் எதிராளிக்குக் கை கொடுத்தான். அழவுமில்லை, கோபப்படவுமில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். ஏன் திரும்பினாய் என்று கேட்டேன்.

"எல்லாம் தெரியுது நைனா. முதுகு கீழ போவ மாட்டேன்னுது."

மறு வாரம் அவனைத் திரும்ப மேட்டுக்குக் கூப்பிட அவன் கடைக்குப் போனேன். நான் பேசி மசியாத ஆள் இதுவரை இல்லை. நான் சொன்னதையெல்லாம் பஞ்சு அடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டான். கடைசியில் மஹ்ஜபீனே உள்ளேயிருந்து வந்து நின்றாள்.

"நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க. போறதுன்னா போங்க" என்றாள்.

பைசல் நிமிரவில்லை.

"வேணாம். அடுத்த தபாவும் திரும்பத்தான் போறேன்" என்றான்.

 பிறகு அவளை மெத்தை உறையின் வாயை விரித்துப் பிடிக்கச் சொன்னான். பிடித்தாள். பஞ்சை உள்ளே தள்ளினான். நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். யாரும் இருக்கச் சொல்லவில்லை.