பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்

பிள்ளைகள் உள்ளே வந்ததும் வகுப்பறைக் கதவைச் சாத்திவிடுவேன். என் ஆங்கிலத்தைக் கேட்டு வராந்தாவில் யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பயம். சகோதர சகோதரிகளே, அந்தக் கதவை ஆண்டவர் எப்படித் திறந்தார் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அம்மாவும் அப்பாவும் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. தம்பானூரில் ஒற்றை அறை. மலையாளம் பேசுவேன். ஆனால் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வரும். பள்ளிக்கு வெளியே என்னிடம் ஒரு வார்த்தை கேட்கிறவர் பஸ் கண்டக்டர் மட்டும்தான். அதுவும், எங்கே போகணும் என்று, "எவிடேக்கா?"

போன வருஷம் ஜூன் மாதம், ஆங்கில ஆசிரியர்களுக்கான ஆன்லைன் பயிற்சி ஒன்றில் பள்ளி என்னைச் சேர்த்தது. பாடங்கள் நன்றாகவே இருந்தன. கடைசியில்தான் இடி விழுந்தது. சக ஆசிரியர் ஒருவர் என் வகுப்பில் உட்கார்ந்து கவனித்து, பார்த்ததைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம். ஜூலை முடிவதற்குள் சான்றிதழ் வாங்காவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் முதல்வர்.

ஒரே ஓர் ஆள் போதும். அந்த ஒருவர்கூட எனக்கு இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கேட்டுவிடலாம் என்று மூன்று முறை ஸ்டாஃப் ரூமுக்குப் போய், சாக்பீஸ் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, பள்ளி விட்ட பிறகு, காலி வகுப்பில் உட்கார்ந்து அந்தப் படிவத்தை நானே நிரப்பினேன். எல்லாக் கட்டத்திலும் 'மிக நன்று'. கவனித்தவர் பெயர், பக்கத்து வகுப்புக் கணக்கு ஆசிரியை ஷீலா. கையெழுத்துப் போடப் போனபோது கை நின்றுவிட்டது. மேஜையில் தலை கவிழ்ந்து அழுதேன். "ஆண்டவரே, ஒரே ஒரு ஆளை அனுப்பும்" என்றேன். மூச்சு விடுவதற்குள், "யார் வரப்போகிறார்கள்" என்று நானே சொல்லியும் கொண்டேன். படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அறைக்குப் போனேன்.

மறுநாள் காலை பேய் மழை. இரண்டாவது பீரியடில் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் ஷீலா டீச்சர், கையில் நோட்டுக் கட்டு. அவர் வகுப்பு ஒழுகுகிறதாம், பிள்ளைகளை ஹாலுக்கு அனுப்பியாயிற்றாம். பின்னால் உட்கார்ந்து நோட்டுத் திருத்தட்டுமா என்று மலையாளத்தில் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

மணி அடித்துப் பிள்ளைகள் போனதும் அவர் என்னிடம் வந்தார்.

"டீச்சரே, ஒண்ணு சொன்னா விஷமம் தோணக் கூடாது, வருத்தப்படக் கூடாது."

தமிழ்! "நீங்க தமிழா?" என்றேன்.

"ஆமா, சாலைக் கடைத்தெருவுல அப்பாவுக்கு அரிசிக் கடையாக்கும். நீங்க எப்பவும் கதவ அடச்சிட்டு இருப்பீங்க, நான் எப்படி வந்து பேச?" என்றவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கேள்வி கேக்குறதும் நீங்க, பதில் சொல்றதும் நீங்க. பிள்ளைங்க வாயத் தொறக்க விட மாட்டேங்கிறீங்களே."

முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் அவ்வளவும் உண்மை. படிவத்தைப் பற்றிச் சொல்லி, "நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டேன்.

"பின்னே! வராம?"

அடுத்த நாள் புதுப் படிவத்தோடு அவர் பின் பெஞ்சில் உட்கார்ந்தார். உங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். வகுப்பு கப்சிப். பதில் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஷீலா டீச்சர் உள்ளங்கையைக் காட்டி, பொறுங்கள் என்றார். விழிஞ்ஞத்திலிருந்து வரும் ஆதிரா, என்னிடம் அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதவள், எழுந்தாள்.

"பிக் ஷிப், மிஸ். மை ஃபாதர் போட் வெரி ஸ்மால், மிஸ்."

கண் நிறைந்துவிட்டது. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

'முதல் நாள் பிள்ளைகளின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, இரண்டாம் நாள் காத்திருந்தார்' என்று எழுதி ஷீலா டீச்சர் கையெழுத்திட்டார். சான்றிதழும் வந்தது, வேலையும் நிலைத்தது. அறையில் இன்றும் நான் தனிதான். ஆனால் புதன்கிழமைதோறும் அவர் வகுப்பில் நான், என் வகுப்பில் அவர். கதவை இப்போது சாத்துவதில்லை.

என்னைப்போல் தனியாக இருந்து ஜெபிக்கிறவர்களே, தைரியமாகக் கேளுங்கள். கேட்ட கையோடு பதிலையும் நீங்களே சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அவர் பேசட்டும்.