புரட்டாசியில் ஒரு கெளுத்தி

திருப்பதியில் எங்கள் வீட்டு முன்னறையில் பாதியை ஒரு கண்ணாடித் தொட்டி அடைத்துக்கொண்டிருந்தது. அதில் மகளின் சிவப்பு வால் கெளுத்தி. விரல் நீளத்தில் சித்தூரில் வாங்கியது, என் கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. வாய்க்குள் அடங்கும் எந்த மீனையும் விழுங்கிவிடும். பாசி தின்னும் சக்கர் மீன் ஒன்றை மட்டும் ஏனோ விட்டுவைத்திருந்தது.

புரட்டாசி பிறக்குமுன் என் மனைவி ஃபிரிட்ஜைக் கழுவி, மீன் சட்டியைப் பரணில் ஏற்றிவிடுவாள். கெளுத்திக்கு வைத்திருந்த எறாவும் இம்முறை வெளியே போனது. போன வருடம் அது சின்னது. உருண்டைத் தீனியே போதுமாயிருந்தது.

"ஒரு மாசம் இன்னாத்த துன்னும்மா அது?" என்றாள், இன்டர்மீடியட் படிக்கும் மகள்.

"திருப்பதி தண்ணிலதான கீது? அதுவும் கோயிந்தா போட்டுக்கினு கெடக்கட்டும். உங்க நைனாவே கவுச்சி இல்லாம இருக்காரு, அதுக்கு இன்னா?"

மூவரும் சிரித்தோம். உருண்டைத் தீனியைப் போட்டால் வாயில் வாங்கித் துப்பியது. பசித்தால் தின்னும் என்று விட்டுவிட்டோம்.

மூன்றாம் சனிக்கிழமை காலை மகள் அலறினாள். கெளுத்தியின் வாயிலிருந்து சக்கர் மீனின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சித்தூர் கடைக்குப் போன் செய்தேன்.

"சக்கரு உள்ள முள்ள விரிச்சிக்கினு இருக்கும் சார். வெட்டி எடுங்க. அப்புறம் எதுனா துன்னுச்சுன்னா பொழைச்சிக்கும்."

மகள் ஈரத்துண்டில் பிடித்துக்கொள்ள, முட்களை வெட்டி இழுத்தேன். சக்கர் செத்திருந்தது. கெளுத்தியின் செவுளிலிருந்து ரத்தம் கசிந்தது.

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். மாவிளக்குக்கு ஊறவைத்த அரிசி அப்படியே கிடந்தது. எறா வாங்கி வந்து, சமையலறையிலேயே உட்கார்ந்து உரித்தாள்.

மகள் ஒவ்வொன்றாக அதன் வாயருகே கொண்டுபோனாள். "துன்னுடா. எங்கம்மாவே வாங்கினு வந்துக்கிறாங்க பாரு. ஒண்ணே ஒண்ணு துன்னு."

அது வாயைத் திறக்கவில்லை. மாலைக்குள் செவுள் அசைவதும் நின்றது.

இப்போது தொட்டி காலியாக இருக்கிறது. எனக்குப் பயம் அதைப் பற்றியல்ல. மகள் தட்டின் முன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள், பாதியில் எழுந்து போகிறாள். முகம் வற்றிவிட்டது. மனைவி கரண்டியோடு பக்கத்தில் நிற்கிறாள். சாப்பிடச் சொல்ல எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை.